'மறதி நோய்' என்ற பெயரை நம்பி ஏமாந்தோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் 'முதுமை மறதி' பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது, தெரிந்தவர் பெயர் வாயில் வராமல் தவிப்பது, அடுப்பை அணைக்க மறப்பது என்று அறிகுறிகளை வரிசையாகப் போட்டு, பக்கத்தில் நெற்றியில் கை வைத்து யோசிக்கும் ஒரு பெரியவரின் படமும் போட்டிருந்தீர்கள். எழுதியவர் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எட்டு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் 'அப்பாடா, நம்ம அப்பாவுக்கு இது இல்லை' என்று நிம்மதியாகப் பேப்பரை மடித்து வைத்தேன். அந்த நிம்மதி எங்களுடைய இரண்டரை வருடத்தைத் தின்றுவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா தையற்காரர். நாற்பது வருடத்துக்கு மேல் சட்டையும் பேண்ட்டும் தைத்தவர். அளவு நோட்டு என்று ஒன்று வைத்திருந்தாரே தவிர அதைத் திறந்து பார்க்கமாட்டார், ஆள் உள்ளே நுழையும்போதே தோள் எத்தனை, கை எத்தனை என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டார். தையல் தெரிந்தவர்களுக்கு இது புரியும். சட்டைக் கையை முன்பக்கம் கொஞ்சம் உள்வாங்கியும் பின்பக்கம் கொஞ்சம் நிறைந்தும் வெட்ட வேண்டும், அதனால் இடதும் வலதும் கண்ணாடியில் பார்ப்பதுபோல எதிரெதிராக வரும், ஒன்றைத் திருப்பிப் போட்டு இன்னொன்றை வெட்டுவது கைக்குத் தானாக வருகிற விஷயம். துணிக்குப் பதில் துணி வாங்கிக் கொடுத்துச் சமாளித்தோம். அடுத்த மாதம் ஒரு காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்தார். கண்தான் கோளாறு என்று கண்ணாடி மாற்றினோம், அப்புறம் புரை அறுவை சிகிச்சையும் செய்தோம். டாக்டர் காட்டிய எழுத்தையெல்லாம் கடைசி வரி வரைக்கும் படித்தார். துணியை விரித்துக் கத்தரியை எடுத்தால் மட்டும் பழைய தப்புதான்.

அந்தச் சமயத்தில் அப்பாவின் ஞாபகசக்தியைக் குறை சொல்லவே முடியாது. இருபது வருடத்துக்கு முன் வந்தவரின் இடுப்பளவும் நினைவிருந்தது, நேற்று யார் வந்தார் என்பதும் நினைவிருந்தது. நான் படித்த பட்டியலில் ஒன்றுகூட அவருக்குப் பொருந்தவில்லை. மாறியதெல்லாம் வேறு. படி இறங்கும்போது கடைசிப் படி எங்கே முடிகிறது என்று தெரியாமல் காலால் துழாவினார். பணம் எண்ணிக் கொடுக்கும்போது தடுமாறி, மொத்தக் கட்டையும் எதிரில் நிற்பவரிடமே நீட்டி 'நீங்களே எடுத்துக்குங்க' என்றார். நாலு பேர் சேர்ந்து பேசினால் எழுந்து போய்விடுவார். இதற்கெல்லாம் வயசு, பிடிவாதம், தொழிலில் சலிப்பு என்று நாங்களாக ஒவ்வொரு பெயர் வைத்துக்கொண்டோம். தம்பி ஒருநாள் 'வேணும்னே பண்றீங்களாப்பா?' என்று கேட்டேவிட்டான். இன்றைக்கு அதை நினைத்தாலும் அவனுக்குக் கண் கலங்கிவிடும்.

கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் வெள்ளைத்தாளைக் கொடுத்து, ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டுங்கள் என்றார். அப்பா வட்டத்தை அழகாகப் போட்டார், வளைவு போட்டுப் பழகிய கை அல்லவா. பன்னிரண்டு எண்ணையும் அந்த வட்டத்தின் வலது பாதியிலேயே நெருக்கி அடுக்கினார். முள் இரண்டும் வட்டத்துக்கு வெளியே நின்றன. வரைந்து முடித்து, பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து 'சரியா இருக்காம்மா?' என்று கேட்டார். அதுவரை எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் எல்லாம் அந்த இடத்திலேயே செத்துப்போனது.

உடனே நோயின் பெயரைச் சொல்லிவிடவில்லை அந்த மருத்துவர். முதலில் ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு பார்த்தார், தலையை ஸ்கேன் எடுத்தார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், மனசு சோர்ந்திருக்கிறதா என்று தனியாக உட்கார்ந்து பேசினார். இதை நீங்கள் கட்டாயம் பெரிய எழுத்தில் போட வேண்டும். பி12 குறைந்தாலும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும், மனச்சோர்வு முற்றினாலும், எப்போதோ விழுந்ததில் மண்டையோட்டுக்குள் ரத்தம் கட்டியிருந்தாலும், மூளைக்குள் நீர் அதிகம் தேங்கினாலும், ஏன், சில தூக்க மாத்திரைகளாலும் அலர்ஜி மாத்திரைகளாலும்கூட, பார்ப்பதற்கு நீங்கள் 'முதுமை மறதி' என்று எழுதுகிற டிமென்ஷியா மாதிரியே இருக்கும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு, சீக்கிரம் கண்டுபிடித்தால் நிறையப் பேர் தேறிவிடுகிறார்கள். 'வயசானா அப்படித்தான்' என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். அப்பாவுக்கு இவை எதுவும் இல்லை. அல்சைமர்தான், ஆனால் சிலருக்கு அது நினைவுப் பகுதியில் தொடங்காமல் பார்த்ததை அர்த்தப்படுத்துகிற மூளையின் பின்பகுதியில் தொடங்கும், இவருக்கு அந்த வகை என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. டிமென்ஷியா என்பது ஒரு நோயின் பெயரே இல்லை. காய்ச்சல் என்று சொல்கிறோமே அந்த மாதிரி, பல நோய்கள் உண்டாக்கும் ஒரு நிலைமை. அவற்றில் அல்சைமர்தான் பெரும்பங்கு, உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 60 முதல் 70 சதவீதம். பெரும்பாலோருக்கு அது ஹிப்போகேம்பஸ் என்ற இடத்தில் தொடங்குகிறது, புதிய நினைவைப் பதிவு செய்கிற இடம் அது, அதனால்தான் காலையில் நடந்தது போய்விடுகிறது, ஐம்பது வருடத்துக்கு முன் நடந்தது நிற்கிறது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் பழுதாகி வருவது இன்னொரு வகை, அதில் யோசிக்கும் வேகமும் திட்டம் போடுவதும் முதலில் அடிபடலாம். லூயி பாடி என்ற வகையில் இல்லாத ஆட்கள் கண்ணெதிரே தெரிவார்கள், ஒருநாள் தெளிவு, மறுநாள் குழப்பம் என்று மாறி மாறி வரும், அமைதிப்படுத்தக் கொடுக்கும் சில மனநல மருந்துகளே அவர்களுக்கு ஆபத்தாகிவிடும். மூளையின் முன்பகுதியிலும் பக்கப்பகுதியிலும் தொடங்கும் வகையில் ஆரம்பத்தில் ஞாபகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், குணம் மாறிவிடும், அல்லது பேச்சு குறைந்துகொண்டே போகும். அது நாற்பத்தைந்து ஐம்பது வயதிலேயேகூட வரும். வேலைக்குப் போகிற வயதில் ஒருவர் திடீரென்று கூச்சநாச்சமில்லாமல் பேசுகிறார், பிள்ளை அழுதால்கூடக் கண்டுகொள்வதில்லை என்றால் 'மறதி நோய்' என்று யாருக்குத் தோன்றும்? குடும்பம் உடைகிற அளவுக்குச் சண்டைதான் வரும்.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்த நோய்க்குப் பெயர் கொடுத்த அலாய்ஸ் அல்சைமர் 1901-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்தில் ஆகஸ்டே என்ற பெண்மணியைப் பார்த்தார், அவருக்கு வயது 51. அந்த அம்மா 1906-ல் இறந்த பிறகு அவருடைய மூளையை ஆராய்ந்து, அதே வருடம் நவம்பரில் மருத்துவர்கள் கூட்டத்தில் பேசினார். அடுத்த வருடம் அச்சில் வந்த குறிப்பில் அவர் முதல் அறிகுறியாக எழுதியது என்ன தெரியுமா? கணவர்மேல் பொறாமையும் சந்தேகமும். மறதி அதற்குப் பிறகுதான் வருகிறது. முதல் முதலாக ஏட்டில் ஏறிய நோயாளிக்கே அப்படி. நூறு வருடத்துக்கும் மேல் ஆகியும் நாம் சாவி தொலைவதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். ஜப்பானில் இந்த நிலைமைக்கு முன்பு வழங்கிய சொல்லில் மந்தம், மடமை என்கிற பொருள் ஒட்டிக்கொண்டிருந்தது. அது நோயாளியை அவமானப்படுத்துகிறது, அவமானத்துக்குப் பயந்து ஜனங்கள் டாக்டரிடமே வருவதில்லை என்று 2004-ல் அரசாங்கமே அந்தச் சொல்லை மாற்றியது. புதிய சொல்லுக்கு ஏறக்குறைய 'அறிதிறன் நோய்' என்று அர்த்தம். நம்முடைய 'முதுமை மறதி'யில் இரண்டு சொல்லும் தப்பு. முதுமையில் இயல்பாக வருவதும் இல்லை, வெறும் மறதியும் இல்லை. நல்ல தமிழ்ச் சொல் ஒன்று உருவாகும்வரை டிமென்ஷியா என்றே எழுதுங்கள், யாருக்கும் புரியாமல் போகாது.

சரி, அன்றாட வாழ்க்கைக்கு வருகிறேன். கட்டுரைகளில் வராத பகுதி இதுதான், எங்கள் நாள் முழுக்கப் போவதும் இதில்தான்.

குளியலை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது ஒரு வேலை. அப்பா குளிக்க மறுத்த ஒரு நாள், ஒரு தாளை எடுத்து நான் குளிக்கும்போது என்னென்ன செய்கிறேன் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். எழுந்திருப்பது, மாற்றுத்துணி எடுப்பது, கதவைத் திறப்பது, குழாயைத் திருகுவது, தண்ணீர் சூடு பார்ப்பது, பட்டனைக் கழற்றுவது என்று போய் உடம்பைத் துவட்டிச் சட்டை போட்டு முடிக்கும்போது இருபத்தேழு ஆகிவிட்டது. இதில் எந்த இடத்தில் கயிறு அறுந்தாலும் மனிதர் அங்கேயே நிற்பார். அப்பா சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றதைப் பார்த்திருக்கிறேன், அடுத்தது என்ன என்பது அவருக்கு வரவில்லை. அதோடு தரையில் ஓடும் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை, தலையில் தண்ணீர் விழுந்தால் மூச்சு முட்டுகிற பயம், மகள் முன்னால் உடை கழற்ற வேண்டிய கூச்சம் வேறு. கூச்சம் பலருக்குக் கடைசிவரை போவதில்லை, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வெளியே நின்று 'குளிங்கப்பா, குளிங்கப்பா' என்று கத்திக்கொண்டிருந்தோம், அவருக்குக் காதில் விழுந்தது அதட்டல் மட்டும்தான். இப்போது தோளில் ஒரு துண்டைப் போர்த்தி, பாதத்திலிருந்து மேலே மெதுவாகத் தண்ணீர் விட்டு, ஒரு நேரத்தில் ஒரு சொல் சொல்லி, சொல்லும்போதே அந்தப் பொருளைக் கையில் கொடுக்கிறோம். தம்பிதான் கூட நிற்பான். தினமும் குளித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதத்தையும் விட்டுவிட்டோம், ஈரத்துணியால் துடைத்துவிட்டாலே பல நாள் போதும்.

சட்டை விஷயம்தான் எனக்கு இன்றுவரை மனசை அறுக்கிறது. மூன்று வருடம் முன்பு ஒரு காலை, இஸ்திரி போட்ட சட்டையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். கட்டைவிரலால் தோள்பட்டைத் தையலைத் தடவிக்கொண்டே போனார், காலர் நுனியைத் திருப்பிப் பார்த்தார், ஒரு காஜாவுக்குள் விரல்நுனியை விட்டு, 'நூல் லூசா இருக்கு, பிசிறு வந்துரும்' என்றார். உண்மைதான், நான் பார்த்தேன், லூசாகத்தான் இருந்தது. அப்புறம் அதைப் போட்டுக்கொள்ளப் பார்த்தார். கையைக் காலருக்குள் விட்டார். எடுத்துவிட்டு மறுபடி காலருக்குள்ளேயே விட்டார். ஆயிரக்கணக்கில் சட்டை தைத்தவருக்குச் சட்டைக்குள் கை நுழைகிற வழி தெரியவில்லை. துணியைப் பற்றிய அறிவு ஒரு இடத்தில் பத்திரமாக இருக்கிறது, அதை உடம்போடு சேர்க்கிற பாலம் இடிந்துவிட்டது. மூளையில் எது போய் எது நிற்கும் என்பதற்கு நியாயமே கிடையாது. இதைக் கண்ணால் பார்க்காதவர்கள் 'அதெல்லாம் நல்லாத்தான் பேசறாரே' என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

வாசலில் கால் துடைக்கும் கறுப்பு மிதியடி ஒன்று கிடந்தது. அதன் முன்னால் வந்து நின்றுவிடுவார், தாண்டவே மாட்டார், கையைப் பிடித்து இழுத்தால் நம்மைத் தள்ளுவார். எத்தனையோ நாள் இதற்காகக் கத்தியிருக்கிறோம். அது அவருக்குத் தரையில் தோண்டிய குழியாகத் தெரிகிறது என்று ஒரு செவிலியர் சொன்னார். மிதியடியை எடுத்தோம், அன்று மாலையே நடந்து போனார். வெள்ளைத் தரையில் வெள்ளைக் கழிப்பறை இருக்கை கண்ணுக்குத் தெரியாமல் போகும், அடர்ந்த நிறத்தில் இருக்கை மாற்றினால் தெரியும். வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சாப்பாடு போட்டால் பாதியில் எழுந்துவிடுவார், நிறத்தட்டில் போட்டால் முடிப்பார். கண்ணாடியில் யாரோ ஒரு கிழவர் தன்னை முறைத்துப் பார்க்கிறார் என்று சண்டைக்குப் போனபோது கண்ணாடியைத் துணியால் மூடினோம். இவை எதற்கும் மருந்து மாத்திரை தேவைப்படவில்லை. யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் போதும்.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா தன் பெரிய கத்தரியை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு, அம்மா திருடிவிட்டாள் என்று சொல்ல ஆரம்பித்தார். அம்மா முதலில் அழுதார், அப்புறம் தெய்வத்தின் பேரில் சத்தியம் செய்தார், அப்புறம் கத்தரியைத் தேடி எடுத்து வந்து 'இதோ பாருங்க, நீங்க வச்ச இடத்துலயே இருக்கு' என்று நிரூபித்தார். நிரூபித்ததும் அப்பா சொன்னது, 'மாட்டிக்கிட்டதும் கொண்டுவந்து வச்சுட்டியா?' அவரைப் பொறுத்தவரை அவர் அதை வைக்கவே இல்லை, அந்தச் செயல் பதிவாகவில்லை, பொருள் மட்டும் காணோம். அப்படியென்றால் யாராவது எடுத்திருக்கத்தானே வேண்டும்? காரணம் தேடுகிற மூளை கிடைத்ததை வைத்து ஒரு கதையை முடைகிறது. பக்கத்திலேயே இருப்பவர்தான் அந்தக் கதையில் திருடராக முடியும். அதிகம் பார்த்துக்கொள்பவருக்குத்தான் அதிகப் பழி வரும். இது புரிந்தபிறகு அம்மா 'அச்சச்சோ, காணோமா? வாங்க தேடலாம்' என்று மட்டும் சொல்லக் கற்றுக்கொண்டார்.

அப்பாவுக்கு ஒரு அக்கா. இறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒருநாள் 'அக்கா ஏன் இன்னும் வரலை?' என்றார். உண்மையைச் சொல்வதுதான் மரியாதை என்று நினைத்து, 'அத்தை இறந்துட்டாங்கப்பா' என்றேன். அந்த நிமிடம்தான் செத்த மாதிரி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். தன்னிடம் ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டார். மறுநாள் திரும்பவும் 'அக்கா ஏன் வரலை?' நானும் திரும்பவும் சொன்னேன், திரும்பவும் அதே அழுகை. மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை. 'அத்தையப் பத்திச் சொல்லுங்கப்பா' என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா தனக்கு ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார், சிரித்தார், கேள்வியை விட்டுவிட்டார். பொய் சொல்கிறோமே என்று சிலர் சங்கடப்படலாம், எனக்கு அந்தச் சங்கடம் இப்போது இல்லை. நடந்தது மறந்துபோகும், அதனால் உண்டான பயமோ துக்கமோ சந்தோஷமோ அப்படியே நெடுநேரம் தங்கும். காலையில் நாம் கத்தியது அவருக்கு நினைவிருக்காது, சாயங்காலம்வரை காரணம் தெரியாமல் நடுங்கிக்கொண்டிருப்பார்.

சாயங்காலம் என்றதும் ஞாபகம் வருகிறது. வெளிச்சம் மங்கும் நேரத்தில் பலருக்குத் தவிப்பு கூடும், நடப்பார்கள், கதவை இழுப்பார்கள், சொந்த வீட்டில் இருந்துகொண்டே 'வீட்டுக்குப் போகணும்' என்பார்கள். 'இதுதான் உங்க வீடு' என்று எத்தனை தடவை சொன்னாலும் நிற்காது. அவர்கள் கேட்பது பழக்கமான, பயமில்லாத ஒரு இடத்தை என்றுதான் எனக்குப் படுகிறது. இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறோம், தொலைக்காட்சியை அணைத்துவிடுகிறோம், கூடவே கொஞ்சம் நடக்கிறோம்.

இரண்டு வருடம் முன்பு அப்பா ஒரே இரவில் தலைகீழாக மாறினார். நேற்றுவரை கைபிடித்து நடந்தவர், கண் திறக்காமல் உளறினார். நோய் முற்றிவிட்டது என்று நாங்கள் கிட்டத்தட்ட கைவிட்டுவிட்டோம், நல்லவேளை தம்பி பிடிவாதமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். சிறுநீர்த் தொற்று. ஆன்டிபயாடிக் கொடுத்த சில நாட்களில் பழைய நிலைக்கு வந்தார். டிமென்ஷியா மாதக்கணக்கில் வருடக்கணக்கில் இறங்கும். ஒரு நாள் இரண்டு நாளில் ஒருவர் சரிந்தால் அது தொற்றாகவோ, நீர்ச்சத்து குறைவாகவோ, மலச்சிக்கலாகவோ, புது மாத்திரையாகவோ, சொல்லத் தெரியாத வலியாகவோ இருக்கலாம், உடனே பார்க்க வேண்டும்.

வருகிற விருந்தாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். 'என்னைத் தெரியுதா? யாருன்னு சொல்லுங்க பாப்போம்' என்று பரீட்சை வைக்காதீர்கள். பதில் தெரியாமல் அப்பா என் முகத்தைப் பார்ப்பார், அந்தப் பார்வையைத் தாங்க முடியாது. வந்ததும் 'நான் உங்க பழைய வாடிக்கையாளர், எனக்கு நீங்கதான் சட்டை தைப்பீங்க' என்று நீங்களாகச் சொல்லிவிட்டு உட்காருங்கள். அவர் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி எங்களிடம் விசாரிப்பதையும், 'குழந்தை மாதிரி ஆயிட்டார்' என்பதையும் விட்டுவிடுங்கள். குழந்தை நாளுக்கு நாள் கற்றுக்கொள்ளும். இவர் ஒரு முழு வாழ்க்கையை வாழ்ந்த பெரியவர், பாதி நேரம் அது அவருக்கே தெரிகிறது.

பார்த்துக்கொள்கிறவர்கள் பக்கம் யாரும் திரும்புவதே இல்லை. உலகத்தில் 5.5 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு டிமென்ஷியா இருக்கிறது, வருடத்துக்கு ஏறக்குறைய 1 கோடிப் பேர் புதிதாகச் சேர்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 5 மணி நேரம் இதற்கே செலவழிக்கிறார்கள், மொத்தப் பராமரிப்பு நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது என்பதும் அவர்கள் கணக்குதான். எங்கள் அம்மா இரவு மூன்று மணிக்கு எழுந்து வாசற்கதவைச் சரிபார்ப்பவர். தனக்கு ரத்த அழுத்தம் ஏறியதை நாலு மாதம் எங்களிடம் சொல்லவில்லை. ஒருநாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காமல் அழுதுகொண்டிருந்தார். அப்புறம்தான் நானும் தம்பியும் நாள் பிரித்துக்கொண்டோம். 'ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க' என்று எல்லோரும் சொல்கிறார்கள். வந்து இரண்டு மணி நேரம் அப்பாவோடு உட்காருங்கள், அம்மா தூங்கட்டும், அதுதான் உதவி.

மருந்து பற்றியும் நேர்மையாக எழுதுங்கள். டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமன்டின் போன்றவை சிலருக்குக் கொஞ்ச காலம் கொஞ்சம் உதவும், நோயை நிறுத்தாது. லெகனமாப் என்ற புதிய ஊசிக்கு அமெரிக்காவில் 2023-ல் முழு அனுமதி கிடைத்தது, அது அல்சைமரின் ஆரம்பக் கட்டத்தில் உள்ளவர்களுக்கு மட்டும், அதுவும் சரிவின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், மூளையில் வீக்கமும் ரத்தக்கசிவும் வரக்கூடிய ஆபத்து இருப்பதால் அடிக்கடி ஸ்கேன் எடுத்துக் கண்காணிக்க வேண்டும். 'மறதி நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு' என்று தலைப்புப் போட்டால் எங்களைப் போன்ற வீடுகளில் அன்றிரவு யாரும் தூங்குவதில்லை. குறுக்கெழுத்து போட்டால் வராது என்றும் எழுதியிருந்தீர்கள். போடட்டும், நல்லதுதான். ஆனால் 2024-ல் லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆய்வுக்குழு பட்டியலிட்ட 14 காரணிகளைப் போட்டிருக்கலாமே? காது கேளாமையை அப்படியே விடுவது, ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, தலையில் அடி, தனிமை, பார்வைக்குறைவு எல்லாம் அதில் வருகின்றன. அவற்றைச் சரிசெய்தால் உலகில் வரும் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்கிறது என்கிறார்கள். காது மந்தமான அம்மா அப்பாவுக்கு ஒரு காது மெஷின் வாங்கிக் கொடுங்கள் என்று ஒரு வரி போட்டால்கூடப் பிரயோசனம். அதே சமயம் இது வந்தவர்கள் எல்லாம் உடம்பைக் கவனிக்காதவர்கள் என்ற அர்த்தம் வரும்படி எழுதிவிடாதீர்கள், எல்லாம் சரியாக இருந்தும் வருகிறது.

அப்பா இப்போது அதிகம் பேசுவதில்லை, ஐந்தாறு சொல்தான். தண்ணீர்கூடச் சில நேரம் தொண்டையில் தப்பான வழியில் போகிறது, அதனால் நிமிர்த்தி உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறோம். நேற்று மடியில் ஒரு வெட்டுத்துணியைப் போட்டேன். ஓரத்தைக் கால் அங்குலம் மடித்தார், நகத்தால் கீறி அழுத்தினார், இன்னொரு மடிப்பு மடித்து மறுபடி அழுத்தினார், கடைசிவரை கோணவே இல்லை.

ஆசிரியர் அவர்களே, காணாமல்போன பெரியவர்களைப் பற்றிய செய்தியில் 'மனநலம் பாதிக்கப்பட்ட முதியவர்' என்று போடுகிறீர்கள். ஜனங்கள் பயந்து ஒதுங்குவார்கள். டிமென்ஷியா உள்ளவர் என்று போடுங்கள், அவர் முன்பு என்ன வேலை செய்தார், எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவார் என்று கேட்டு அதையும் போடுங்கள். எங்கள் அப்பா ஒருமுறை தொலைந்தபோது பழைய தையற்கடை இருந்த பக்கம்தான் நடந்து போயிருந்தார், 'டெய்லர் சார்' என்று கூப்பிட்டதும் நின்றார்.

செப்டம்பர் 21 உலக அல்சைமர் தினம். அன்றைக்கு மறுபடி ஒரு கட்டுரை போடுவீர்கள் என்று நினைக்கிறேன். அந்த இருபத்தேழு படிகளை எழுதிய தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, எந்தெந்தப் படியில் என்ன செய்தால் அப்பா நகர்ந்தார் என்று பக்கத்திலேயே குறித்தும் வைத்திருக்கிறேன். போடுவதானால் சொல்லுங்கள், நகல் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி